நட்பு ஆட்டங்களும் நம் ஊர்க் கிரிக்கெட் குழுவும்

(நம் ஊர்க் கிரிக்கெட் குழுவின் பருவ நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





நம் ஆண்டு மலரில் வரவு செலவுக் கணக்கும், மதரஸா மாணவர்களின் தேர்ச்சி விவரமும், மண விவரங்களும் வெளிவருவது வழக்கம். இன்று நான் பேசுவதையும் அதில் சேர்க்கப் போவதாகச் செயலாளர் சொன்னபோது சற்றுத் தயங்கினேன். பந்து விளையாட்டுக்கு அத்தனை பக்கங்கள் தேவையா என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் இந்த மன்றத்தில் நான் சொல்லியே ஆக வேண்டிய செய்தி ஒன்று இருப்பதால் ஒப்புக்கொண்டேன்.

குழுவை மீண்டும் தொடங்க அனுமதி கேட்டு இளைஞர்கள் வந்தபோது நிர்வாகம் மூன்று நிபந்தனைகளை விதித்தது. பணம் வைத்து ஆடும் ‘பெட் மேட்ச்’ கூடாது. நுழைவுக் கட்டணம் வாங்கிப் பரிசுத் தொகை வைக்கும் தொடர் போட்டிகளுக்குப் போகக் கூடாது. ஜும்ஆ நேரத்திலும் பாங்கு சொன்ன பிறகும் மைதானத்தில் யாரும் நிற்கக் கூடாது. மூன்றாவதை இளைஞர்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள். முதல் இரண்டைக் கேட்டு அவர்களின் முகம் வாடியது. “பரிசே இல்லாமல் ஆடினால் யார் மாமு மனம் வைத்து ஆடுவார்கள்?” என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடையாக ஒரு பழைய வரலாற்றைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் ஹாம்பிள்டன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டின் கிரிக்கெட்டுக்கு அந்தச் சிற்றூரின் குழுவே தலைமை தாங்கியது. ஊருக்கு வெளியே மேட்டு நிலத்தில் அமைந்த பிராட்ஹாப்பென்னி டவுன் என்னும் புல்வெளிதான் அவர்களுடைய மைதானம். அதன் எதிரே விடுதி நடத்திவந்த ரிச்சர்ட் நைரன் என்பவரே அணித் தலைவர். அணியின் சிறந்த மட்டையாளரான ஜான் ஸ்மால், செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து மட்டையும் பந்தும் செய்யும் தொழிலுக்கு வந்தவர். இத்தகைய எளிய மனிதர்களைக் கொண்ட அணி, 1777ஆம் ஆண்டு இங்கிலாந்து அணி என்ற பெயரில் திரண்டு வந்தவர்களை ஓர் இன்னிங்சும் 168 ஓட்டங்களும் வித்தியாசத்தில் தோற்கடித்தது. அந்த ஆட்டத்தில் ஜேம்ஸ் அய்ல்வர்ட் எடுத்த 167 ஓட்டங்கள் அக்காலத்தில் யாரும் கேள்விப்படாத எண்ணிக்கை.

இன்று நாம் நட்டு வைக்கும் மூன்று குச்சிகளுக்கும் அந்த ஊரோடு தொடர்பு உண்டு. முன்பு இரண்டு குச்சிகளே இருந்தன. 1775ஆம் ஆண்டு லண்டனில் நடந்த ஓர் ஆட்டத்தில் ‘லம்பி’ ஸ்டீவன்ஸ் என்ற பந்துவீச்சாளர் ஜான் ஸ்மாலுக்கு வீசிய பந்து, மும்முறை இரண்டு குச்சிகளுக்கும் நடுவே புகுந்து போயிற்று. குச்சி சாயாததால் ஸ்மால் ஆட்டமிழக்கவில்லை. நல்ல பந்துக்குப் பலன் இல்லாமல் போவது நியாயமல்ல என்று கருதியே அதன்பின் நடுக்குச்சி வந்தது. மட்டையின் அகலமும் அப்படித்தான். 1771ஆம் ஆண்டு தாமஸ் ஒயிட் என்பவர் குச்சிகளை முழுவதுமாக மறைக்கும் அளவுக்கு அகலமான மட்டையோடு ஆட வந்தார். ஹாம்பிள்டன்காரர்கள் அதை எதிர்த்து எழுதி வைத்தார்கள். மட்டையின் அகலம் நாலேகால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி அதிலிருந்து பிறந்தது. இரண்டரை நூற்றாண்டு கழிந்தும் அந்த அளவு மாறவில்லை. நம் பிள்ளைகள் கடையில் வாங்கும் மட்டைக்கும் அதுவே எல்லை.

இவ்வளவு புகழ் பெற்ற அந்தக் குழு என்ன ஆயிற்று? அக்காலத்து ஆட்டங்கள் ஐந்நூறு கினி, ஆயிரம் கினி என்று பந்தயப் பணம் வைத்து நடந்தவை. 1774ஆம் ஆண்டு லண்டனில் எழுதப்பட்ட விதிகளில் பந்தயத்தைத் தீர்ப்பதற்கே தனி வாசகங்கள் இருந்தன. அந்தப் பணம் ஊராருடையது அன்று, பிரபுக்களுடையது. 1787இல் லண்டனில் எம்.சி.சி. சங்கம் தோன்றியதும் பிரபுக்கள் அங்கே போய்விட்டார்கள். பணமும் ஆட்டக்காரர்களும் பின்தொடர்ந்தார்கள். 1796ஆம் ஆண்டில் நடந்த கடைசிக் கூட்டம் ஒன்றுக்குக் கனவான் ஒருவர்கூட வரவில்லை என்று குழுவின் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறது. அதோடு கதை முடிந்தது. நைரனின் மகன் ஜான் 1833இல் வெளியிட்ட நூல் இல்லாவிட்டால் அந்தப் பழைய ஆட்டக்காரர்களின் முகமும் குணமும் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

1908இல் அந்த மைதானத்தில் ஒரு நினைவுக் கல் நாட்டினார்கள். 1959இல் அருகிலிருந்த கடற்படைத் தளத்து அதிகாரிகள் சிலர் சேர்ந்து ‘பிராட்ஹாப்பென்னி பிரிகன்ட்ஸ்’ என்ற பெயரில் ஒரு குழுவைத் தொடங்கி, அதே புல்வெளியில் நட்பு ஆட்டங்கள் ஆடத் தொடங்கினார்கள். பிரபுக்களின் பணம் போன இடத்தில், பரிசுப் பணம் எதிர்பாராமல் ஆட வந்தவர்களால் பந்து மீண்டும் உருண்டது. தம்பி கேட்ட கேள்விக்கு என்னால் தரக்கூடிய விடை இதுவே.

நட்பு ஆட்டம் ஆடினால் மேலே போக முடியுமா என்பது இன்னொரு கேள்வி. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜனை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். இருபது வயது வரை ஊரில் டென்னிஸ் பந்தில் ஆடியவர். 2015இல் தமிழ்நாட்டு அணிக்கு ஆடினார். பந்து வீசும் முறையில் குறை சொல்லப்பட்டபோது, அதைத் திருத்திக்கொண்டு மீண்டும் வந்தார். 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலுமாக ஆஸ்திரேலிய மண்ணில் ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். அவருடைய பந்துவீச்சைவிட எனக்குப் பிடித்தது வேறு. தன் சொந்த ஊரில் ஒரு மைதானத்தை அமைத்தார்; அது 2023ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஊருக்கு மைதானம் என்பது எவ்வளவு பெரிய செல்வம் என்று, அது இல்லாமல் வளர்ந்தவருக்குத்தான் தெரியும்.

நமக்கு மைதானம் இருந்தது. அதை நாம் இழந்தோம். இனி நான் சொல்லவேண்டியதற்கு வருகிறேன்.

நம் குழு நின்றுபோனதற்குக் காரணம் கேட்டால் ஊரில் இரண்டு பதில்கள் கிடைக்கும். பிள்ளைகள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். மைதானத்தில் சீமைக் கருவேலம் மண்டிவிட்டது. இரண்டும் உண்மை. ஆனால் அவை பின்னால் வந்தவை. முன்னால் நடந்தது வேறு. அதற்குக் காரணமானவன் நான்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு, பரிசுத் தொகை வைத்த ஒரு தொடரின் இறுதி ஆட்டம். எதிரணி நம் அண்டை ஊர். மட்டை பிடிக்கும் அணியே நடுவரைத் தருவது இந்தப் பக்கத்து வழக்கம் என்பதால் நான் லெக் அம்பயராக நின்றேன். கடைசி ஓவரில் நம் ஆட்டக்காரர் இரண்டாவது ஓட்டத்துக்குத் திரும்பி ஓடி வந்தார். விக்கெட் கீப்பர் குச்சியைச் சாய்த்தபோது அவருடைய மட்டை கோட்டுக்கு ஒரு சாண் வெளியே இருந்தது. நான் பார்த்தேன். ஐயமே இல்லை. ஆயினும் என் கை உயரவில்லை. ஆட்டமிழக்கவில்லை என்று தலையசைத்தேன். அந்தக் கீப்பர் கத்தவில்லை. என்னருகே வந்து, “பாய், உங்களுக்கே தெரியும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த பந்தில் நாம் வென்றோம். அதன்பின் நடந்த கைகலப்பில் குச்சிகளைப் பிடுங்கி அடித்தார்கள். அவருடைய தம்பியின் தலையில் நான்கு தையல்.

கோப்பை நம் சங்க அலமாரிக்கு வந்தது. அந்த ஊர் நம்மை மறுபடி அழைக்கவில்லை. மற்ற ஊர்களும் மெல்ல ஒதுங்கின. ஆட ஆளில்லாத மைதானத்தில் கருவேலம் முளைத்தது. நிர்வாகம் விசாரித்தபோது, சரியாகப் பார்க்க முடியவில்லை என்று சொன்னேன். அது பொய். இன்று இந்த மன்றத்தில் அதைத் திருத்திச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு இளைஞர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். கருவேல வேரைப் பிடுங்க இயந்திரம் தேவைப்பட்டது. வெளிநாட்டிலிருக்கும் பழைய ஆட்டக்காரர்கள் வாடகையை அனுப்பினார்கள். கண்மாய் வண்டலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, கல் உருளையை இழுத்து இருபத்திரண்டு கஜ ஆடுதளத்தைச் சமன் செய்தார்கள். உருளை இழுத்தவர்களில் பாதிப் பேருக்கு அணியில் இடம் கிடைக்கவில்லை. அவர்களைப் பற்றி ஸ்கோர் நோட்டில் எழுத இடமில்லை என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

முதல் ஆட்டத்துக்கு யாரை அழைப்பது என்ற பேச்சு வந்தபோது, நான் அந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டு அண்டை ஊருக்குப் போனேன். கீப்பராக நின்றவர் இப்போது டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். நடந்ததைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் நின்றார். “அன்றைக்கே சொல்லியிருக்கலாமே பாய்” என்றார். கோப்பையை வாங்கிக்கொள்ளவில்லை. நான் திரும்பக் கொண்டுவந்தேன். அது இப்போது அலமாரியில் இல்லை. என் வீட்டில் இருக்கிறது.

முதல் ஆட்டத்துக்கு அவர்கள் ஊர்ப் பிள்ளைகள் வந்தார்கள், அவர் வரவில்லை. அவர்கள் ஊரில் நடந்த ஆட்டத்தில் புளிய மரத்தடியில் நின்று பார்த்தார். தலையில் தையல் போட்டுக்கொண்ட தம்பிதான் நம் பிள்ளைகளுக்கு மோரும் சுண்டலும் கொண்டுவந்து கொடுத்தார். அன்று நம் தொடக்க ஆட்டக்காரர், பந்து மட்டையில் உரசியது நடுவருக்குத் தெரியாதபோதும் தாமாகவே வெளியேறினார். நம்மவர்களில் சிலர் அவரைக் கடிந்துகொண்டார்கள். அந்த ஆட்டத்தில் தோற்றோம். இந்தப் பருவத்தில் நாம் வென்றவற்றைவிடத் தோற்றவையே அதிகம். அதை மறைக்க வேண்டியதில்லை. பயிற்சி போதவில்லை, பந்து தடுப்பில் மிகவும் பின்தங்கியிருக்கிறோம்.

நோன்புக்காக நிறுத்திய ஆட்டங்கள் பெருநாளுக்குப் பின் தொடங்குகின்றன. பெருநாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்டை ஊரில் ஆட்டம். இரண்டு இன்னிங்சுக்கும் நானே நடுவராக நிற்க வேண்டும் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டிருக்கிறேன். வேன் காலை ஏழு மணிக்குப் பள்ளிவாசல் முன்பிருந்து புறப்படும். மட்டைப் பையை முதல் நாள் இரவே கொண்டுவந்து வைத்துவிடுங்கள்.