பரோட்டாக் கடைகளை எண்ணுவது ஏன்?

(நன்றியறிதல் கூடுகையில் நமது சமுதாய சுகாதாரப் பிரிவு மருத்துவர் ஆற்றிய உரை)



தீக்காயப் பிரிவின் படுக்கைகளையும் மருந்துகளையும் உங்கள் ஜெபமும் காணிக்கையும் தாங்கி வருகின்றன. இம்முறை நான் கேட்க வந்திருப்பது படுக்கை அல்ல. நோட்டுப் புத்தகங்களும் சில அளவு நாடாக்களும். இதைச் சொன்னபோது சபைப் பெரியவர் ஒருவர், "ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் பரோட்டாக் கடையில் என்ன ஐயா வேலை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 1991-94இல் தங்கள் பகுதியில் ஓர் ஆய்வு நடத்தி, 2010-12இல் அதைத் திரும்பச் செய்தார்கள். நீரிழிவு நோய் நகரத்தில் இரண்டு மடங்காகவும் கிராமத்தில் மூன்று மடங்காகவும் பெருகியிருந்தது. பட்டணத்து வியாதி என்று நாம் நினைத்திருந்தது கிராமத்துக்கு வந்துவிட்டது. சர்க்கரை உள்ளவருக்குத் தீப்புண் ஆற நாளாகும் என்பதை நம் செவிலியர் எவரும் சொல்வார். மறுபக்கம், 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை. ஒரே வீட்டில் தகப்பனுக்குச் சர்க்கரை, மகளுக்கு இரத்தக்குறைவு. வயிறு நிறைகிறது, உடம்பு தேறவில்லை.

"எண்ணெய்ப் பண்டத்தைக் குறையுங்கள்" என்று சீட்டில் எழுதிக் கொடுப்பது சுலபம். விடியும் முன்னே பட்டாசு ஆலை வண்டியில் ஏறி, மாலையில் கால் ஓய்ந்து இறங்குகிற தாய்க்கு, பஸ் நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் நடுவே வேறு என்ன கிடைக்கிறது? அது தெரியாமல் கொடுக்கும் ஆலோசனை பாதி ஆலோசனைதான்.

மேல்நாடுகளில் இதை அளக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உரிமப் பட்டியலிலிருந்து துரித உணவகங்களை எடுத்து, குடியிருப்பைச் சுற்றி வட்டம் போட்டு, உள்ளே எத்தனை என்று எண்ணுவார்கள். உணவகங்களை எண்ணி மக்களின் எடையோடு ஒப்பிட்ட ஆய்வொன்று டெல்லியைக் குறித்தும் 2017இல் வெளிவந்தது. அந்த முறையை அப்படியே விருதுநகருக்குக் கொண்டுவந்தால் ஏமாந்துபோவோம். எண்ணெயில் பொரித்தெடுக்கும் நம்மூர்ப் பரோட்டாவுக்கு வெளிநாட்டுப் பெயர்ப்பலகை கிடையாது. சாத்தூர்ச் சேவும் பேக்கரி பப்ஸும் ஐந்து ரூபாய்ப் பொட்டலமும் துரித உணவா, இல்லையா? முதலில் இதைத் தீர்மானித்தாக வேண்டும். சமைக்கக் காத்திராமல் உடனே கையில் கிடைப்பது, எண்ணெயோ உப்போ சர்க்கரையோ மிகுந்தது: இந்த இரண்டும் பொருந்தினால் எண்ணுவது என்று வைத்திருக்கிறோம். அவித்த கடலை, சுண்டல், கம்பங்கூழ், மோர், கொய்யாப்பழம் விற்பவர்களைத் தனிப் பக்கத்தில், விலையோடு எழுதுவோம். கெட்டதை மட்டும் எண்ணினால் அது கணக்கல்ல, குற்றப்பத்திரிகை.

அடுத்தது நேரம். மாலை ஐந்து மணிக்கு முளைத்து இரவு பத்துக்கு மறையும் தள்ளுவண்டியைக் காலையில் போய்த் தேடினால் தெரு சுத்தமாக இருக்கும்! ஆகவே ஒரே தெருவை மூன்று வேளை நடக்க வேண்டும்; கூலி வாங்கும் நாளில் ஒரு தடவை, மற்ற நாளில் ஒரு தடவை. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கையில் பணம் இருக்கும், சமைக்க நேரம் இராது. ஆலைகள் அடைத்திருக்கும் நாட்களில் அது தலைகீழ்.

இடமும் அப்படியே. வெடிவிபத்துக்கு அஞ்சி ஆலைகளைக் குடியிருப்புக்கு எட்டத்தில் அமைக்கிறார்கள். வேலைக்காரர்களோ பல கிராமங்களிலிருந்து வருகிறார்கள். வீட்டைச் சுற்றி வட்டம் போட்டால் அவர்கள் பகற்பொழுதெல்லாம் இருக்கிற இடம் விட்டுப்போகும். வண்டி நிற்கும் இடங்களையும் சேர்த்துக்கொள்கிறோம். ஒரே தெருவை இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, இரு கணக்கும் ஒத்து வந்தால்தான் நம்புவோம்.

அளவு நாடா பள்ளிக்கூடங்களுக்காக. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி செய்தது. காமராஜர் பிறந்த ஊர் இது. 1950களில் அவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கச் செய்தார். அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் மணியடித்ததும் வாசலில் என்ன வாங்குகிறார்கள் என்பதை நாடா பிடித்துப் பார்க்கலாமே. விற்கிற விதவைத் தாயைப் பிடித்துக் கொடுப்பதற்காக அல்ல. கடைப் பெயரை எங்கும் எழுதமாட்டோம். சுண்டல் விற்றாலும் அவர்களுக்குப் பிழைப்பு நடக்குமா என்றும் கேட்போம். கடை இருப்பதாலேயே எல்லாரும் தின்கிறார்கள் என்று ஆகிவிடாது என்பதும் தெரியும். அதற்காகச் சில வீடுகளில் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரிக்கவும் ஏற்பாடு.

மாற்கு 6ஆம் அதிகாரத்தில், ஜனங்கள் சுற்றுப்புறக் கிராமங்களுக்குப் போய் வாங்கிச் சாப்பிடட்டும் என்கிறார்கள் சீஷர்கள். அங்கே அப்பம் கிடைக்குமா என்று அவர்கள் விசாரித்ததாக எழுதப்படவில்லை. ஆண்டவரோ முதலில் எத்தனை அப்பம் உண்டென்று பார்த்துவரச் சொன்னார். 1850களில் சிவகாசியைச் சுற்றிக் கூடாரம் அடித்து, கிராமம் கிராமமாக ஊழியம் செய்து, 1858இல் சிவகாசியிலேயே மரித்த ராக்லண்ட் ஐயரும் கேம்பிரிட்ஜில் கணிதம் தேர்ந்தவர்தான்.

நடக்கப்போகிறவர்கள் நம் கிராம சுகாதார ஊழியச் சகோதரிகள். இருட்டிய பிறகும் தெருவில் நிற்க வேண்டியிருக்கும். அவர்கள் பாதுகாப்புக்காக ஜெபியுங்கள். நோட்டும் பேனாவும் வாங்கச் சிறு காணிக்கை போதும். வீட்டில் ஓட்டாமல் கிடக்கும் பெண்கள் சைக்கிளோ நல்ல டார்ச் விளக்கோ இருந்தால், கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கும் நம் சகோதரியிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.