கடல் கடந்த நட்பு

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாடசாலைப் பிள்ளைகள் ஆசிரியரோடும் பெற்றோரோடும் கூட்டமாய்ப் பாரதம் சென்று வருவதை நாம் அறிவோம். திரும்பியவர்களிடம், "எதைப் பார்த்தீர்கள்?" என்று கேட்கிறோம். மதுரைக் கோபுரம், தஞ்சைப் பெரிய கோயில், இராமேஸ்வரத்துப் பிராகாரம் என்று விடை வருகிறது. "யாரைச் சிநேகிதராய்ப் பெற்றீர்கள்?" என்று கேட்பாரில்லை. அக்கேள்வியையே இன்று தங்கள் முன் வைக்கிறோம்.

முதலில், உடன் சென்றோரின் நட்பு. மிஷன் பாடசாலையில் ஒரே வாங்கில் அமர்ந்து படித்தவர்கள் நாம். ஆயினும் நம் வீட்டார் எத்தனை பேர் ஒருவர் வீட்டில் மற்றவர் கைநனைத்தார்கள்? யாத்திரையிலோ, சத்திரத்துக் கூடத்தில் எல்லாரும் ஒன்றாய்ப் பாய் விரிக்கிறார்கள். ஒரு தாய் கட்டிய புளிச்சோறு எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்காகிறது. காய்ச்சல் கண்ட குழந்தையை யார் மடியும் ஏற்கிறது. லயத்து வீடு, கடை வீடு, கிளாக்கர் வீடு என்ற பேதம் அங்கே தலைகாட்டுவதில்லை. பிள்ளைகளின் நட்புப் பெரியோரையும் கூட்டிவைக்கிறது. ஊர் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பேதத்தை மறுபடி தூக்கிச் சுமப்போமாயின், செலவழித்த காசு வீணே!

அடுத்து, அக்கரையார் நட்பு. இதற்கு நம் கண்டி மாநகரே சாட்சி. 1934இல் மகாகவி தாகூர், சாந்திநிகேதனத்து ஆசிரியர்களும் மாணவர்களும் அடங்கிய குழுவோடு இலங்கை வந்தார். கொழும்பில் அவர்கள் நாட்டிய நாடகம் நடத்தினர். ஹொரணையில் ஸ்ரீபாலி கலைக்கூடத்துக்குக் கவிஞர் அடிக்கல் நாட்டினார். கண்டியில் தங்கி நாவலொன்றை எழுதி முடித்தார். அவர் மாணவர் சாந்திதேவ் கோஷ் கண்டி நடனத்தைக் கற்றுச் சென்றார். 1936இல் இங்கிருந்து சாந்திநிகேதனம் சென்று பயின்றவர் ஆனந்த சமரக்கோன். நம் தேசிய கீதத்தை ஆக்கியவர் அவரே. வந்தவர்கள் பார்த்துவிட்டு மட்டும் போயிருந்தால் இவையெல்லாம் நிகழ்ந்திருக்குமா?

நமக்கோ அக்கரையில் இருப்பவர்கள் அந்நியருமல்லர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 மலையக மக்களை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இந்நாட்டுக் குடியுரிமை வழங்கவும் விதித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பேசித் தீர்ப்பதற்கென விடப்பட்டது. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை நம் மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே அழைத்தனர். சென்றவர்களுள் பலர், 1968இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தின் கீழ்க் கோத்தகிரி, கூடலூர் முதலிய இடங்களில் மீண்டும் கொழுந்தே பறித்தனர்.

கடிதம் எழுதிய பாட்டன்மாரும் பாட்டிமாரும் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். அவர்களின் பேரப்பிள்ளைகள் தெருவில் எதிர்ப்பட்டாலும் ஒருவரையொருவர் அறியார். இரத்த உறவு அற்றுப்போகும் இடத்தில், நட்பு ஒன்றே அதனை மறுபடி முடிச்சிட வல்லது. போரினால் நின்றுபோன கப்பற் பயணமும் 2023 அக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே புதுவழியில் தொடங்கியது. இடையே நின்றும், 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடிற்று. வழி பிறந்தால் மட்டும் போதாது. போவோர் யாரைக் காணப் போகிறோம் என்பதையும் அறிந்து போதல் வேண்டும்.

ஆகவே சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். மடுல்கெல்லத் தோட்டங்களிலிருந்து சென்ற குடும்பங்களின் பெயர், ஊர், முகவரி ஆகியவற்றைப் பெரியோர்கள் சொல்லச் சொல்ல இளைஞர் எழுதி ஓர் ஏடு ஆக்குதல் வேண்டும். இனி நம் பிள்ளைகள் குடும்பத்தோடு யாத்திரை செல்லும்போது, கோயில்களுக்கு ஒதுக்கும் நாட்களில் இரண்டையேனும் நீலகிரியில் அக்குடும்பங்களோடு கழித்தல் வேண்டும்.

பெரியோர்களே, உங்கள் நினைவிலிருக்கும் பெயர்களை இன்றே எங்களிடம் சொல்லுங்கள். ஏட்டைத் திறந்து வைத்திருக்கிறோம்.