அசல் நிறமா, சாயமா?

(காஞ்சிபுரத்தில் நடந்த அறிவியல் ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)

இன்று நான் பேசப் போவது ஒரு படத்தைப் பற்றியும், அதை வகுப்பில் காட்டியபோது நான் செய்த தவற்றைப் பற்றியும்.

எங்கள் எட்டாம் வகுப்பில் பாதிக்கு மேல் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். ஒரு நாள் திரையில் வண்டிச்சக்கர விண்மீன் திரளின் படத்தைக் காட்டினேன். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்து, 2022 ஆகஸ்ட் 2 அன்று வெளியான படம். நடுவில் ஒளிரும் சிறிய வளையம், வெளியே பெரிய வளையம், இடையே ஆரங்கள். பார்த்தவுடன் பிள்ளைகள், "தேர்ச்சக்கரம் டீச்சர்!" என்றார்கள்.

சுமார் 50 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் திரள் அது. முன்பு அதன் நடுவே ஒரு சிறிய திரள் ஊடுருவிச் சென்றது. விண்மீன்களுக்கு இடையே இடைவெளி மிக அதிகம் என்பதால் அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளவில்லை. ஆனால் ஈர்ப்பு விசை குலுங்கியது. சர்வதீர்த்தக் குளத்தில் கல் விழுந்தால் அலை வட்டமாக விரியுமே, அப்படி நடுவிலிருந்து ஓர் அலை வெளியே பரவியது. அது போகும் வழியில் வாயு நெருக்கப்பட்டு, புதிய விண்மீன்கள் பிறந்தன. ஏறத்தாழ 44 கோடி ஆண்டுகளாக அந்த வெளிவளையம் விரிந்துகொண்டிருக்கிறது.

இதுவரை நன்றாகத்தான் சொன்னேன். அப்போது கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். அவள் அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர். "டீச்சர், இது அசல் நிறமா, சாயம் போட்டதா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. ஆனாலும், "அசல்தான், உட்காரு" என்றேன்.

அன்றிரவு படித்துப் பார்த்தேன். வெப் தொலைநோக்கி முதன்மையாகப் பார்ப்பது அகச்சிவப்பு ஒளியை. நம் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. கருவி ஒளியின் அளவை எண்களாகப் பதிவு செய்கிறது. பிறகு ஒவ்வொரு அலைநீளப் பகுதிக்கும் ஒரு நிறம் தருகிறார்கள். இந்தப் படத்தில் குறுகிய அலைநீளங்களுக்கு நீலமும் மஞ்சளும், நீண்டவற்றுக்குச் சிவப்பும் கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் வகுப்பில், "நேற்று நான் சொன்னது தவறு. நீ கேட்டதுதான் சரியான கேள்வி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அப்போ படம் பொய்யா டீச்சர்?" என்றாள். முதல் கேள்வியை விடக் கடினமான கேள்வி இது.

"கட்டம் போட்ட தாளில் மயில் வரைந்து, அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டை குத்துவார்களே, பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டேன். "பார்த்திருக்கேன்" என்றாள். "பச்சைக்குப் பதில் நீல நூல் போட்டால் மயில் யாளி ஆகிவிடுமா?" வகுப்பே, "ஆகாது" என்றது. நிறம் நாம் தேர்ந்தெடுப்பது. எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்பது தொலைநோக்கி பதிவு செய்தது. வளையம் பொய்யல்ல.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983இல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகரின் பெயரில் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி 1999 ஜூலை 23 அன்று ஏவப்பட்டது. அதுவும் இதே சக்கரத்தைப் பார்த்திருக்கிறது. வெளிவளையத்தில் மிகப் பிரகாசமான எக்ஸ் கதிர்ப் புள்ளிகளைக் கண்டது. கருந்துளைகள் அருகிலுள்ள விண்மீன்களிலிருந்து பொருளை இழுக்கும்போது அவை உண்டாவதாகக் கருதுகிறார்கள். எக்ஸ் கதிருக்கு ஊதா, புற ஊதாவுக்கு நீலம், கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குப் பச்சை, அகச்சிவப்புக்குச் சிவப்பு என்று நான்கு தொலைநோக்கிகளின் பதிவுகளைச் சேர்த்த படமும் உண்டு. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நிறங்கள் வேறு, சக்கரம் ஒன்று. பிள்ளைகளே அதைச் சொன்னார்கள்.

நண்பர்களே, அன்று "உட்காரு" என்பதோடு விட்டிருந்தால் அந்தப் பெண் இனி கேள்வி கேட்டிருப்பாளா? தறிக்கும் சாயத்துக்கும் பக்கத்தில் வளர்ந்த கண் அவளுடையது. அந்தக் கண்ணை நான் மூடப் பார்த்தேன். நாளை நீங்கள் ஒரு விண்வெளிப் படத்தைக் காட்டும்போது, எந்தக் கருவி எடுத்தது, எந்த ஒளியில் எடுத்தது, நிறம் யார் கொடுத்தது என்று பிள்ளைகளைக் கேட்க விடுங்கள். பதில் தெரியாவிட்டால், "நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். மறுநாள் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.