கோட் யாருடைய போனுக்கு வருகிறது?

(சனிக்கிழமைக் கூட்டத்தில் பேசியதைச் சற்றுத் திருத்தி எழுதியது.)



போன கூட்டத்தில் வீட்டு வாடகை பற்றிக் கதைத்தோம். இண்டைக்கு நான் எடுத்திருப்பது, புது போன் வாங்கினால் பழைய கணக்குகளுக்குள் திரும்பப் போவது எப்படி என்ற விஷயம். சிரிக்காதேங்கோ. எங்கள் கடிதம் இரண்டு கிழமையாக ஏன் வரவில்லை என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். காரணம் நான்தான்.

என் பழைய போனின் திரை உடைந்துவிட்டது. புதுசு வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் விலையில் கொஞ்சம் குறைப்போம் என்றார்கள். படங்கள், நம்பர்கள், வாட்ஸ்அப் எல்லாம் புதியதற்கு வந்துவிட்டன. இனி என்ன என்று, பழையதில் இருந்ததை முற்றாக அழித்துக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிரவு பல்கலைக்கழகக் கணக்கைத் திறந்தால் ஆறு இலக்கக் கோட் கேட்டது. கோட் தருகிற ஆப்பைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. என் ஆய்வுக் கோப்புகள், என் மின்னஞ்சல், எங்கள் அமைப்பின் மின்னஞ்சல், மூன்றுக்கும் திறப்பு அந்தப் பழைய போனுக்குள்தான் இருந்தது. அதை நானே அழித்திருந்தேன்.

ஏன் இப்படி ஆகிறது? இந்த ஆப்பை முதலில் இணைக்கும்போது ஒரு கியூஆர் கோட்டைப் படம் பிடிக்கிறோம் அல்லவா, அதற்குள் ஒரு இரகசிய எண் இருக்கிறது. அது போனிலும் அந்த நிறுவனத்தின் கணினியிலும் மட்டும் இருக்கும். இரண்டும் அந்த எண்ணையும் நேரத்தையும் சேர்த்து, 30 வினாடிக்கு ஒருமுறை தனித்தனியே ஒரே கணக்கைப் போடுகின்றன. விடை ஒன்றாக இருந்தால் கதவு திறக்கும். இணையமே இல்லாவிட்டாலும் போனில் கோட் வருவது இதனால்தான். உங்கள் சிம்முக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதே நம்பரைப் புது போனில் போட்டாலும் இரகசிய எண் கூட வராது. கூகுளின் ஆப் 2010-இல் வந்தது. அதிலுள்ளதை நம் கணக்கோடு சேமித்து வைக்கும் வசதி 2023-இல்தான் வந்தது. அதையும் நாம் இயக்கி வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருக்கவில்லை.

அப்ப எஸ்எம்எஸ்ஸில் வருகிற கோட் நல்லதுதானே என்று கேட்பீர்கள். அது நம்பரின் பின்னால் போகும். நம்பர் யார் கையிலோ கோட் அவர் கையில். தொலைபேசி நிறுவனத்தை ஏமாற்றி உங்கள் நம்பரைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்கிற திருட்டு இருக்கிறது. 2019-இல் ட்விட்டரின் தலைவராக இருந்த ஜாக் டோர்சியின் சொந்த ட்விட்டர் கணக்கையே அப்படிப் பிடித்தார்கள். எங்கள் ஆட்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு. மூன்று மாதம் யாழ்ப்பாணம் போகிற அம்மம்மா அங்கே உள்ளூர் சிம் போடுவார். லண்டன் சிம் கைப்பையின் அடியில் கிடக்கும். வங்கி கோட் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

என் கதைக்கு வருகிறேன். பல்கலைக்கழகக் கணக்கு மறுநாளே திரும்பக் கிடைத்தது. அங்கே ஒரு மேசை, அதற்குப் பின்னால் ஒரு ஆள். பாஸ்போர்ட்டைக் காட்டினேன். முகத்தைப் பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார், புது போனை இணைத்துவிட்டார். பத்து நிமிஷம்.

என் மின்னஞ்சல், வீட்டில் கிடந்த பழைய மடிக்கணினியில் வெளியேறாமல் திறந்தே இருந்தது. அதற்குள்ளிருந்தே புது போனைச் சேர்த்தேன். அது அதிர்ஷ்டம்.

அமைப்பின் மின்னஞ்சலுக்கு மேசையும் இல்லை, ஆளும் இல்லை. படிவத்தை நிரப்பு, காத்திரு, "உங்களை உறுதிப்படுத்த முடியவில்லை" என்று பதில், திரும்ப நிரப்பு. பதினொரு நாள். கடைசியில் காப்பாற்றியது ஒரு தாள். கணக்குத் தொடங்கிய காலத்தில் எங்கள் தோழர் ஒருவர் பேக்கப் கோட்களை அச்செடுத்து, வாடகை ரசீதுகளோடு ஒரு கோப்பில் போட்டு வைத்திருந்தார். போன் மாற்றிய விஷயத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, அவரிடம் நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

இதையெல்லாம் மாமியிடம் சொன்னேன். அவர் சொன்ன கதையை, அவருடைய அனுமதியோடு இங்கே சொல்கிறேன். மாமி வேலை செய்கிறார். கணக்கு மாமியின் பெயரில், சம்பளம் மாமியுடையது. கோட் மட்டும் மாமாவின் போனுக்கு வரும். அந்தக் காலத்தில் மாமாதான் படிவம் நிரப்பினார், தன் நம்பரைப் போட்டார், அவ்வளவுதான். மாமா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போன் பூட்டிக் கிடந்தது. மாமியால் வாடகை கட்ட முடியவில்லை. நம்பரை மாற்றப் போனால், அந்த மாற்றத்தை உறுதிசெய்யும் கோட்டும் மாமாவின் போனுக்கே போனது. பக்கத்துக் கிளையை எப்போதோ மூடிவிட்டார்கள். இரண்டு பஸ் ஏறிப் போய், கவுண்டரில் இருந்த ஒரு பெண்ணிடம் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் மாற்றினார்.

"என்ர காசை எடுக்க நான் அவரிட்ட கோட் கேக்கவேணும். இத்தனை வருஷமா அது எனக்கு விளங்கவே இல்லை" எண்டு சொன்னா.

மாமா நல்லவர். நல்லவர் இல்லாத வீட்டில் இது என்ன ஆகும் என்று யோசியுங்கள். வீட்டை விட்டுப் போக நினைக்கிற ஒரு பெண்ணுக்குக் காசும் மின்னஞ்சலும் வேண்டும். இரண்டின் கோட்டும் அவளுடைய புருஷனின் போனில். ஒருவருக்கு ஒரு போன், அந்த போன் அவருக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துத்தான் இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள். எங்கள் வீடுகள் பலதில் அது உண்மை இல்லை.

இப்போது இதை விசாவோடு சேர்த்துப் பாருங்கள். பிரிட்டனில் கையில் இருந்த குடியேற்ற அட்டைகளில் பெரும்பாலானவை 2024 டிசம்பர் 31-ஓடு காலாவதியாகின. அதற்குப் பதில் ஈ-விசா. அந்தக் கணக்குக்குள் போக, பதிவு செய்த நம்பருக்கோ மின்னஞ்சலுக்கோ ஒரு கோட் வரும். உள்ளே போனால்தான் ஷேர் கோட் எடுக்கலாம். வேலை கொடுப்பவர் கேட்பது அந்த ஷேர் கோட்டை. 2014 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் வீட்டுக்காரரும் கேட்கிறார். அதாவது போன் தொலைந்து மின்னஞ்சலும் பூட்டுப்பட்டால், இந்த நாட்டில் இருக்க முழு உரிமை உள்ள ஒருவர் அதைக் காட்ட முடியாமல் நிற்பார். கணக்கை மீட்க வழி உண்டுதான். ஆனால் அதுவும் இணையத்தில்தான் தொடங்குகிறது, நாளை காலை வேலையில் சேர வேண்டியவருக்கு அது போதாது. ஐரோப்பியக் குடிமக்கள் இதை எங்களுக்கு முன்பே அனுபவித்தார்கள். கையில் பிடிக்கக்கூடிய ஆதாரம் வேண்டும் என்று "த த்ரீ மில்லியன்" அமைப்பு பல வருஷமாகக் கேட்டுவருகிறது.

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த இரண்டாவது பூட்டு தேவை. கடவுச்சொல் ஒன்றை மட்டும் நம்பினால் திருடனுக்குக் கொண்டாட்டம். ஆனால் பூட்டைப் போட்டவர்கள், திறப்பு தொலைந்தால் போய் நிற்கிற மேசையை எடுத்துவிட்டார்கள். பிரிட்டனில் 2015-க்குப் பிறகு 6,000-க்கும் அதிகமான வங்கிக் கிளைகள் மூடப்பட்டன. அந்த மேசையில் இருந்தவர்களுக்கு வேலை போனது. அவர்கள் செய்த வேலை எங்கள் தலையில் விழுந்தது, சம்பளம் இல்லாமல். அதனால் எங்கள் கோரிக்கை சாதாரணமானது: கணக்கைப் பூட்டுகிற ஒவ்வொரு வங்கியும் அலுவலகமும், ஆளைப் பார்த்துத் திறந்துவிடுகிற ஒரு மேசையை வைத்திருக்க வேண்டும். அங்கே சம்பளத்துக்கு ஒரு மனிதர் இருக்க வேண்டும். விசாவுக்குத் தாளிலோ அட்டையிலோ ஒரு ஆதாரம் வேண்டும்.

அது கிடைக்கும்வரை நாங்கள் செய்யக்கூடியவை சில.

முதலாவது, புது போனில் எல்லாக் கணக்குக்குள்ளும் ஒருமுறை போய்ப் பார்க்கும்வரை பழைய போனை அழிக்கவோ கொடுக்கவோ வேண்டாம். கோட் ஆப்பில் உள்ளதைப் புது போனுக்கு மாற்றுங்கள். மாற்ற ஏலாவிட்டால், ஒவ்வொரு கணக்கிலும் புது போனைத் திரும்ப இணையுங்கள்.

இரண்டாவது, பேக்கப் கோட்களைத் தாளில் எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் வேலை செய்யும். புதுசாக எடுத்தால் பழைய தாள் செல்லாது. போன் வைக்கிற பையிலேயே தாளை வைக்காதீர்கள்.

மூன்றாவது, உள்ளே போனதும் பழைய போனைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். மீட்புக்காகக் கொடுத்த நம்பரும் மின்னஞ்சலும் யாருடையவை என்று பாருங்கள்.

நாலாவது, கோட்டை வாசித்துச் சொல் என்று போனில் கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லாதேங்கோ. காசு தந்தால் கணக்கை மீட்டுத் தருவோம் என்பவர்களையும் நம்ப வேண்டாம்.

ஐந்தாவது, வீட்டில் பயத்தோடு இருப்பவர்களுக்கு. கடவுச்சொல்லையும் நம்பரையும் மாற்றினால் மற்றவருக்கு அறிவித்தல் போகக்கூடும். அதனால் மாற்றுவதற்கு முதல், பாதுகாப்பான ஒரு போனிலிருந்து உதவி கேளுங்கள். ரெஃப்யூஜ் அமைப்பு நடத்தும் குடும்ப வன்முறை உதவி எண் 0808 2000 247. 24 மணிநேரமும் எடுப்பார்கள், இலவசம்.

1995-இல் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டபோது, அம்மம்மா காணி உறுதியையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரு சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தாராம். அந்தப் பை இன்றைக்கும் அவருடைய அலுமாரியில் இருக்கிறது. சின்ன வயதில் நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். போன கிழமை என் பேக்கப் கோட் தாளைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். என்ன ஏது என்று கேட்காமல், மடித்து அந்தப் பைக்குள் வைத்தார்.

தேத்தண்ணிக்குப் பிறகு யாரும் ஓடாதேங்கோ. தாளும் பேனையும் கொண்டுவந்திருக்கிறேன். பிரின்டர் பக்கத்து அறையில் இருக்கு. உங்கள் கோட் யாருடைய போனுக்கு வருகிறது என்று முதலில் பார்ப்போம்.