மறுப்பவனைச் சிறையில் தள்ளலாமா?

(அஸ்தினாபுரம் தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

கடையை அடைத்துவிட்டு நேரே இங்கு வந்திருக்கும் வியாபாரப் பெருமக்களே!

மேடை ஏறுமுன் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, ஜெர்மனியில் யூதப் படுகொலை நடக்கவில்லை என்று பேசினால் ஜெயில். இங்கே 2024இல் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் பாபரி மஸ்ஜித் என்ற பெயரையே எடுத்துவிட்டு, 'மூன்று குவிமாடக் கட்டடம்' என்று எழுதினார்கள். கேட்பாரில்லை. நாமும் அப்படியொரு சட்டம் கேட்டால் என்ன?"

நியாயமான ஆத்திரம்தான். ஆனால் அந்தச் சட்டங்களின் கதையைக் கேளுங்கள். பிரான்சில் 1990இல் வந்த சட்டத்தின்கீழ் 1998இல் ரோஜர் கராடி தண்டிக்கப்பட்டார். இஸ்லாத்தைத் தழுவியவராயிற்றே என்று நம்மில் பலர் அவருக்குக் கைதட்டினோம். வருத்தப்படாதீர்கள், சொல்லித்தான் ஆகவேண்டும். அவரைத் தண்டித்தது சரியா என்று வாதாடலாம். அவர் எழுதியது தவறு. சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டது உண்மை. அதை மறுப்பதால் ஃபலஸ்தீன மக்களுக்கு ஒரு பிடி மண்ணும் திரும்பக் கிடைக்காது!

போஸ்னியாவைப் பாருங்கள். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிகாவில் 8,000க்கு மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். அது இனப்படுகொலைதான் என்று 2007இல் சர்வதேச நீதிமன்றமே சொன்னது. அப்படியும் மறுப்பு ஓயவில்லை. 2021 ஜூலையில், மறுப்போருக்கு 5 ஆண்டுவரை சிறை என்று சர்வதேசப் பிரதிநிதி இன்ஸ்கோ சட்டம் கொண்டுவந்தார். சில நாட்களிலேயே, அது எங்களுக்குச் செல்லாது என்று செர்பியர் பகுதியின் சட்டமன்றம் எதிர்ச்சட்டம் போட்டது!

நம் நாட்டிலோ? மும்பைக் கலவரத்தில் 900 பேர் மாண்டனர் என்று ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் 1998இல் அறிக்கை தந்தது. 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். அன்றைய மகாராஷ்டிர அரசு அறிக்கையை ஏற்க மறுத்தது. அரசே மறுத்த உண்மையை இன்னொருவன் மறுத்தால் எந்த அரசு பிடித்து உள்ளே போடும்? அந்த அறிக்கையை மேடையில் படிப்பவனைத்தான் போடும். பகைமையைத் தூண்டுவோருக்கென்று இருந்த 153ஏ, இன்று நியாய சன்ஹிதாவில் 196ஆம் பிரிவு. அது யார்மீது பாய்கிறது, யாரைக் கண்டும் காணாமல் போகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? வெட்டு, கொளுத்து என்று தூண்டுகிறவன்மீது அதைப் பாய்ச்சச் சொல்லிப் போராடுவோம். பொய்யனுக்குப் பதில் ஆவணம்தான். புதிய பூட்டைச் செய்து சாவியை ஆட்சியாளர் கையில் கொடுப்பது நமக்கே ஆபத்து.

இன்னொன்றும் உண்டு, கசக்கும். கோவையில் 1997 நவம்பர் இறுதியில் ஒரு காவலர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து துப்பாக்கிச் சூட்டிலும் கலவரத்திலும் 18 முஸ்லிம்கள் பலியானார்கள், கடைகள் எரிந்தன. 1998 பிப்ரவரி 14இல் குண்டுவெடிப்பில் 58 பேர் மாண்டார்கள். நம் மேடைகளில் 18 மட்டும் ஒலிக்கிறது, அவர்கள் மேடைகளில் 58 மட்டும். சொல்லாமல் விடுவதும் மறுப்புத்தானே, சகோதரர்களே?

அடுத்த கூட்டத்தில் கோவையைப் பற்றிப் பேசப்போகும் தம்பி இரண்டு எண்ணையும் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். ஸ்ரீகிருஷ்ணா அறிக்கையைப் பிரதியெடுத்து இங்கே படிக்க வைக்க வேண்டும். பிரதியெடுக்கும் செலவை எந்தக் கடைக்காரர் ஏற்கிறார் என்று கூட்டம் கலையுமுன் சொல்லுங்கள்.