காடு காத்தோர்க்கு நாம் பட்ட கடன்

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் மாவட்டத்தில் மரத்தால் பெயர்பெற்ற ஊர்கள் இரண்டு உள. பாதிரி மரத்தால் பெயர்பெற்றது திருப்பாதிரிப்புலியூர். தில்லை மரத்தால் பெயர்பெற்றது சிதம்பரம். பாதிரியை வடமொழியார் பாடலி என்பர். சர்வநந்தி முனிவர் சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், லோகவிபாகம் என்னும் நூலை இயற்றிய பாடலிகை என்னும் ஊர் இத்திருப்பாதிரிப்புலியூரே என்பது ஆய்வாளர் கருத்து. அத்தகைய பழம்பெருமை உடைய இம்மண்ணில், தில்லை மரத்தைக் காட்டு நிலையில் காண விரும்புவோர் இன்று சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்துக்குச் செல்லவேண்டும்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கடலோரமாய் அமைந்தது பிச்சாவரம் அலையாத்திக் காடு. அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்றனர். சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் அங்கே உப்பு நீரில் வேரூன்றி நிற்கின்றன. நெய்தல் திணை பாடிய சங்கச் சான்றோர் கண்டலைப் பலகாலும் பாடியுள்ளனர். 2022-ஆம் ஆண்டில் இக்காடு ராம்சர் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இப்பெருமை தானே வந்ததன்று.

ஆங்கிலேயர் காலந்தொட்டு இக்காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் முற்றாக வெட்டி எடுக்கும் கூப்பு முறை நடைபெற்றது. 1970-கள் வரை அது நீடித்தது. மரம் இழந்த நிலம் வெயிலில் காய்ந்து அமிழ்ந்து பள்ளமாயிற்று. ஓதத்தால் உட்புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, வற்றி, உப்பேறியது. பின்னர் அங்கு விதை முளைக்கவில்லை. காடு அழிந்ததற்கு விறகு வெட்டிய ஏழைகளும் மாடு மேய்த்த ஏழைகளுமே காரணம் என்று நெடுங்காலம் பழி சுமத்தப்பட்டது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களில் ஆராய்ந்து, கூப்பு முறையே தலையாய காரணம் என்று காட்டினர்.

நோயின் காரணம் தெரிந்தபின் மருந்தும் தெரிந்தது. இயற்கை ஓடையிலிருந்து ஒரு பெருவாய்க்கால் வெட்டி, அதன் இருபுறமும் மீன்முள் போலக் கிளை வாய்க்கால்கள் அமைத்தனர். ஓதநீர் நாளும் வந்து போகத் தொடங்கவே, உப்பு குறைந்தது. கரைகளில் நட்ட கன்றுகள் தழைத்தன. வனத்துறையும் அந்நிறுவனமும் ஊர்தோறும் குழு அமைத்து, ஊராரையே கொண்டு இப்பணியைச் செய்வித்தன. வாய்க்கால் வெட்டியோருள் கிள்ளையை அடுத்து வாழும் இருளர் மக்களும் அடங்குவர். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, நீரில் கைதடவி இறால் பிடித்து உயிர் வாழ்வோர் அவர்கள். 1986-க்கும் 2002-க்கும் இடையே காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. கடலூர் மாவட்டக் கரையைக் களமாகக் கொண்ட ஆய்வொன்று மறு ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. அடர்ந்த மரங்களுக்குப் பின்னிருந்த ஊர்கள் குறைந்த சேதமே உற்றன என்று அது கூறியது. நிலத்தின் உயரமும் கடலிலிருந்துள்ள தொலைவுமே காரணம் என மறுத்த அறிஞரும் உளர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும், மண்ணரிப்பைத் தடுப்பதும், மீனுக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் நாற்றங்காலாய் இருப்பதும், சேற்றினுள் கரியைச் சேமித்து வைப்பதும் இக்காட்டின் பணிகள் என்பதில் ஐயமில்லை. அப்பயன் கரையோரத்தார்க்கு மட்டும் உரியதன்று. சந்தையில் மீன் வாங்குவோர், படகில் உலா வருவோர், புயலுக்கு அஞ்சி வாழும் நகரத்தார் அனைவரும் அதனைத் துய்க்கின்றனர்.

இவ்வளவு பயன் தந்தவர்க்கு நாம் தந்தது என்ன? வாய்க்கால் வெட்டிய நாள்களுக்குக் கூலி தந்தோம். சிலருக்குப் படகும் வலையும் கிடைத்தன. வாய்க்காலோ தூர்ந்துபோகும் இயல்பினது; தூர் வாராவிடில் பழைய உப்பு மீளும். காவலுக்கு முடிவு நாள் இல்லை. திட்டத்துக்கோ முடிவு நாள் உண்டு. இவ்விடைவெளியே நான் இன்று சுட்ட விழையும் குறை.

பணம் இல்லை என்று சொல்வதற்கில்லை. பதினைந்தாம் நிதிக்குழு, மாநிலங்களுக்கு வரி பகிர்ந்தளிக்கையில் காட்டுக்கும் சூழலுக்கும் 10 விழுக்காடு மதிப்பு அளித்தது. காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவோர் செலுத்தும் தொகைக்கென 2016-இல் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. அலையாத்திக் காடுகளுக்கென்றே 2023-இல் 'மிஷ்டி' திட்டம் தொடங்கப்பெற்றது. எனினும், நிதிக்குழு வழி வரும் தொகையில் இன்ன காட்டைக் காத்த இன்ன ஊருக்கு இவ்வளவு என்னும் கட்டாயம் இல்லை. மாநிலக் கருவூலம் வரை வந்த நீர் கடைமடைக்குப் பாயவில்லை.

பாயச் செய்தோர் உளர். இமாச்சலப் பிரதேசத்துப் பாலம்பூர் நகராட்சி, தன் குடிநீர் ஊற்றின் மேற்காட்டைக் காக்கும் போகல் சிற்றூர் மக்களுக்கு ஆண்டுதோறும் பணம் தர 2010-இல் உடன்பட்டது. கென்யாவின் காசி விரிகுடாவில் 'மிக்கோக்கோ பமோஜா' என்னும் ஊரார் அமைப்பு, 2013 முதல் 117 ஹெக்டேர் அலையாத்திக் காட்டைக் காத்து, அது சேமிக்கும் கரிக்கு உரிய தொகையை உலகச் சந்தையில் பெற்று, குடிநீருக்கும் பள்ளிகளுக்கும் செலவிடுகிறது.

பணம் கொடுத்தால் அன்பு கெடாதோ என்று வினவுவோர் உண்டு. நியாயமான வினாவே. ஊதியம் நின்ற அன்றே காவலும் நிற்குமாயின், பயன் இல்லை. ஆதலால் பணத்தோடு உரிமையும் சேர்தல் வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டை நம்பி வாழ்வோர்க்குத் தம் பொதுக்காட்டைக் காக்கவும் ஆளவும் உரிமை வழங்குகிறது. தொகை ஊர்ப் பொதுநிதிக்குச் சென்று, அதன் கணக்கு கிராம சபையில் படிக்கப்படல் வேண்டும். படகில்லாமல் கையால் மீன்பிடிப்பவர் பெயர் பயனாளர் பட்டியலில் விடுபடாதிருத்தல் வேண்டும். வலியவர் முதலில் எழுதிக்கொள்ளும் பட்டியலில் எளியவர் இடம்பெறுவது அரிது.

இனி நமக்குரிய செய்தி ஒன்று. உணவு, மருந்து, கல்வி, அபயம் என நால்வகைத் தானம் நம் மரபில் ஓதப்படும். காடு காப்போர்க்குத் தரும் தொகையை அவ்வகையில் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை. ஒருவர் உழைப்பின் பயனைத் துய்த்து, அதற்குரியதைக் கொடாதிருத்தல் நம் அணுவிரதங்களுள் ஒன்றாகிய கள்ளாமைக்கு இழுக்காகும். கொல்லாமையைப் பேணும் நாம், ஓரறிவுயிராகிய மரத்தைக் காப்பவன் பசித்திருக்க வாளாவிருத்தலும் முறையன்று.

எனவே, நம் அறக்கட்டளைகள் ஆண்டு வரவில் ஒரு சிறு பங்கைக் கடலோரக் கிராம வனக் குழு ஒன்றின் பொதுநிதிக்கு, கணக்குக் கேட்கும் உரிமையோடு, இடைவிடாது வழங்கலாம். தொகை சிறிதாயினும் ஆண்டுதோறும் தவறாது சென்றால், அவ்வூரார் அதனை நம்பி வாய்க்காலைத் தூர் வாருவர். அடுத்த கூட்டத்தில் பெரியோர் இதனை ஆய்ந்து முடிவு செய்யுமாறு பணிவுடன் வேண்டி அமைகிறேன்.

வாழ்க அறம்! வாழ்க எவ்வுயிரும்!