நிலத்தின் மேல் வாங்கும் கடனும் நாம் இடும் கையொப்பமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பள்ளிப் படிப்பைப் பற்றியே மிகுதியும் பேசி வந்துள்ளது. அது தக்கதே. ஆயினும் பட்டம் பெற்ற நம் பிள்ளைகளுள்ளும் சிலர், கடன் வாங்கும்போது பத்திரத்தைப் படியாமலே கையொப்பம் இடுகின்றனர். ஆதலின் நிலத்தின் மேலும் நிலத்திற்காகவும் தனியாரிடம் வாங்கும் கடனைக் குறித்து இன்று பேச விழைகிறோம்.

சிற்றாறு தாமிரபரணியுடன் கலக்கும் இச்சீவலப்பேரி, முக்கூடற்பள்ளு எழுந்த மண். அந்நூலில் வரும் பள்ளன் நெல்லின் வகைகளை அறிவான், மாட்டின் வகைகளை அறிவான், ஏரை அறிவான். ஆனால் வயல் அவனுடையதன்று. பண்ணைக்காரனுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவனாகவே அவன் நிற்கிறான். அப்பகுதிகளைப் புலவர்கள் நகைச்சுவை என்று சுவைப்பர். நமக்கு அவ்வளவாகச் சிரிப்பு வருவதில்லை.

உழைப்பவனுக்கு நிலம் வேண்டும் என்ற எண்ணம் அரசின் காதுக்கு எட்டியது 1891-இல். அன்று செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் அனுப்பிய அறிக்கையின் பயனாக, 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது அதுவே. முதல் பத்தாண்டுகள் அதனை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே கொடுக்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பன அதன் நிபந்தனைகள். இத்துணைக் காவல் இருந்தும் அந்நிலங்கள் கைமாறின. கைமாறிய வழிகளுள் கடனும் ஒன்று. நிபந்தனையை வாங்கியவன் அறிந்திருந்தான், கொடுத்தவன் அறிந்திருக்கவில்லை. வேறுபாடு அவ்வளவே.

இன்று நடக்கும் முறையைச் சொல்கிறோம். பெண்ணின் திருமணத்திற்கோ மருத்துவத்திற்கோ இரண்டு இலட்சம் ரூபாய் தேவைப்படுகிறது. கொடுப்பவர், "அடமானம் எல்லாம் எதற்கு? கிரயமாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள், பணத்தைத் திருப்பியதும் மறுகிரயம் செய்து தருகிறேன்" என்கிறார். சிலர் பவர் பத்திரம் கேட்கின்றனர். வேறு சிலர் விற்பனை ஒப்பந்தம் எழுதி, கடன் தொகையை முன்பணமாகக் காட்டுகின்றனர். பேச்சில் இது கடன். பத்திரத்தில் இது விற்பனை. வழக்கு என்று வந்துவிட்டால் நீதிமன்றம் முதலில் பார்ப்பது பத்திரத்தைத்தான்.

1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் அடமானம் வைத்தவனுக்கு ஓர் அரிய உரிமையைத் தருகிறது. கடனை அடைத்து நிலத்தை மீட்கும் அவ்வுரிமை, "மீட்கவே மாட்டேன்" என்று முன்கூட்டி எழுதிக் கொடுத்தாலும் போய்விடாது. ஆனால் அந்த உரிமை அடமானத்திற்கு உரியது, கிரயத்திற்கு உரியதன்று. நிபந்தனைக் கிரயம் என்று ஒரு வகை உண்டு. அது அடமானமாகக் கருதப்பட வேண்டுமாயின், திருப்பிக் கொடுப்பதாகிய நிபந்தனை அதே பத்திரத்திற்குள் இருக்க வேண்டும் என்று 1929-இல் சட்டத்தைத் திருத்தினர். ஆகவே தனித்தாளில் எழுதிய மறுகிரய ஒப்பந்தம் அப்பத்திரத்தை அடமானம் ஆக்காது. வெள்ளைத் தாளில் வாங்கிய வாக்குறுதியைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்போர் இந்த அவையிலும் இருக்கக்கூடும்; அவர்கள் இதனை ஊன்றிக் கேட்க வேண்டுகிறோம்.

நம் பக்கத்து ஒற்றி இதனினும் நேர்மையான ஏற்பாடு. கடன் கொடுத்தவர் நிலத்தை அனுபவிக்கிறார். விளைச்சல் வட்டிக்கு ஈடாகிறது. வட்டி குட்டி போடுவதில்லை. நிலத்தை அனுபவிக்கும் உரிமை போகிறதே என்று வருந்தலாம், உடைமை போகவில்லை. அதனையும் பதிவு செய்தே எழுத வேண்டும்.

இனி, மறுபக்கம். நம் இளைஞர் சிலர் மனை வாங்கி விற்கும் தொழிலில் இறங்கியுள்ளனர். அதனைக் குறை கூறோம். நிலம் பிறர் கையில் ஏறி இறங்குவதையே பார்த்துப் பழகிய வகுப்பார் தாமும் வாங்கி விற்கப் புகுவது மகிழத்தக்கது. அவர்கள் முதலைப் பற்றித்தான் நம் கவலை.

ஐந்து இலட்ச ரூபாய் மனைக்குக் கைப்பணம் இரண்டு இலட்சம், மூன்று வட்டிக்கு வாங்கியது மூன்று இலட்சம் என்று கொள்வோம். மாதம் 9,000 ரூபாய் வட்டி. இரண்டு ஆண்டில் 2,16,000 ரூபாய். போட்ட கைப்பணத்தை விட வட்டி மிகுந்துவிட்டது. அசல் அப்படியே நிற்கிறது. அம்மனை 7,16,000 ரூபாய்க்கு மேல் விலை போனால்தான் இழப்பின்றித் தப்பலாம். முத்திரைச் செலவும் தரகும் வேறு. நூற்றுக்குப் பத்து வட்டி என்றால் கணக்கே வேண்டாம். ஓர் இலட்சத்திற்கு முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 90,000 தருவர். ஓராண்டில் 1,20,000 வட்டியாகப் போகும்.

மனை விற்காமல் நின்றுவிடும் காலமும் உண்டு. 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2017-இல் வரன்முறை விதிகள் வரும் வரை இத்தகைய மனைகளில் முதல் போட்டோர் விற்க வழியின்றித் தவித்தனர். பதிவு நின்றது, வட்டி நிற்கவில்லை. அங்கீகாரமற்ற மனை மலிவாகக் கிடைப்பதன் காரணம் அதுதான்.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழக அரசு 2003-இல் சட்டத்தால் தடை செய்தது. மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அச்சட்டம் வந்து பதினான்கு ஆண்டு கழிந்த பின், 2017 அக்டோபர் 23 அன்று, நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே கணவனும் மனைவியும் இரு பெண் குழந்தைகளும் தீயில் கருகி மாண்டனர். அதைப் பற்றி மேலும் பேச நமக்கு நா எழவில்லை. ஒன்று மட்டும் கூறுவோம்: அச்சட்டத்தின் கீழ், கடன்பட்டவர் தாம் தர வேண்டிய தொகையை நீதிமன்றத்தில் செலுத்திப் பரிகாரம் கேட்கலாம். இவ்வழி உண்டென்பது நம் தெருக்களில் பலருக்குத் தெரியாது.

பணத்திற்கு வேறு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1974-இல் தொடங்கப்பெற்ற தாட்கோ நிறுவனம் நிலம் வாங்கக் கடனும் மானியமும் தருகிறது. 2023-இல் வந்த நன்னிலம் திட்டம், நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடி மகளிர்க்கு நிலத்தின் விலையில் பாதியை, ஐந்து இலட்சம் ரூபாய் வரை, மானியமாக அளிப்பது. விண்ணப்பத்திற்கும் பணத்திற்கும் இடையே பல மாதங்கள் ஓடும் என்பதை மறைக்கவில்லை. தனியாரோ மாலைக்குள் பணத்தை எண்ணி வைக்கிறார். அந்த விரைவுக்குத்தான் நாம் விலை கொடுக்கிறோம். அவசரச் செலவுகளுக்கேனும் நம் சங்கத்தில் ஒரு சிக்கன நிதி வேண்டும் என்று செயற்குழுவை வேண்டுகிறோம். தெருவுக்குப் பத்து வீடுகள் மாதம் இருநூறு ரூபாய் போட்டாலும் ஆண்டில் 24,000 ரூபாய் சேரும்.

உணவுக்குப் பின் இம்மண்டபத்திலேயே அமர்ந்திருப்போம். பட்டா, வில்லங்கச் சான்று, கிரயப் பத்திரம், புரோநோட்டின் நகல் எது இருப்பினும் எடுத்து வாருங்கள். உடனிருந்து படித்துச் சொல்கிறோம். கையொப்பம் இடாத பத்திரம் வைத்திருப்போர் முதலில் வரலாம்.